கோடை விடுமுறை இல்லாத காலேஜ் மாணவர்கள்

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்கள் மே மாதக் கடைசியிலோ ஜூன் நடுவிலோ மூடிவிடும். நீண்ட அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்து, மேடையேறிச் சான்றிதழ் வாங்கிக்கொண்ட பிள்ளைகளுக்கு அதன்பின் ஏறக்குறைய மூன்று மாத ஓய்வு. ஆகஸ்டு கடைசியில்தான் காலேஜ் திறக்கும். அதுவரை கடற்கரை, ஏதாவது கடையில் சில்லறை வேலை, நண்பர்களோடு கார்ப் பிரயாணம் என்று பொழுது போகும். பள்ளிக்கும் காலேஜுக்கும் நடுவே கிடைக்கும் அந்த ஒரு கோடையைப் பற்றி அந்நாட்டுப் பெரியவர்கள் வயதான பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சாராருக்கு மட்டும் அந்த விடுமுறை கிடையாது. ஜூன் மாதத்திலேயே ஒருநாள், தலையணை, மேஜை விளக்கு, இரண்டு பெட்டித் துணிமணி சகிதம் அப்பாவின் காரில் வந்து ஹாஸ்டல் வாசலில் இறங்கி விடுகிறார்கள். வளாகம் வெறிச்சோடிக் கிடக்கும். பாதி ஹாஸ்டல்கள் பூட்டியிருக்கும். அம்மா படுக்கை விரிப்பைச் சரி செய்துவிட்டு, போக மனமில்லாமல் நின்றுகொண்டிருப்பாள். பெற்றோர் புறப்பட்டுப் போன மறுநாள் காலை 6 மணிக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் ஆஜராக வேண்டும். அது முடிந்து குளித்துவிட்டு ஓடினால் 9 மணிக்கு வகுப்பு.

இவர்கள்தாம் விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள்.

தில்லிவாசிகளுக்கு 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' புதிதல்ல. மைதானத்தில் நடக்கும் தேர்வுக்கு மாணவன்தான் சான்றிதழ்க் கட்டோடு போய் வரிசையில் நிற்பான். அமெரிக்காவில் ஆள் தேடி வருவது காலேஜ். நன்றாக ஆடும் பையன் பத்தாவது, பதினோராவது படிக்கும்போதே பயிற்சியாளர்கள் அவனுடைய ஆட்டங்களைப் பார்க்க வந்துவிடுகிறார்கள். பிறகு கடிதம், டெலிபோன். அதன்பின் வீட்டுக்கே வந்து, கூடத்தில் உட்கார்ந்து, தாய் தந்தையரோடு பேச்சு. எங்கள் காலேஜுக்கு வந்தால் படிப்புச் செலவு முழுவதும் எங்களுடையது என்பதே பேச்சின் சாரம். கல்விக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் இந்த உபகாரச் சம்பளத்தில் அடக்கம். 2015 முதல் பெரிய காலேஜ்கள் போக்குவரத்து, சில்லறைச் செலவுக்கும் சேர்த்துக் கொடுக்கின்றன.

கேட்க இனிக்கிறதே தவிர, கிடைப்பது சுலபமல்ல. பள்ளிக்கூட அணிகளில் ஆடுவோரில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் விளையாட்டு உதவித்தொகை பெறுகிறார்கள். காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கத்தில் சுமார் 1,100 காலேஜ்கள் அங்கத்தினர்கள். அவற்றில் 350-க்குச் சற்று அதிகமானவை முதல் பிரிவு. மூன்றாம் பிரிவிலுள்ள காலேஜ்கள் விளையாட்டுக்காகப் பணம் கொடுக்கவே கூடாது. இந்தச் சங்கம் பிறந்த கதையே விசித்திரம். 1905-ல் அமெரிக்கப் புட்பால் மைதானங்களில் மாணவர்கள் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டு, ஆட்டத்தைத் திருத்தும்படி நெருக்கினார். அதன் விளைவாக 1906-ல் ஏற்பட்ட அமைப்பு இது. பையன்களின் உயிரைக் காப்பாற்றத் தொடங்கிய சங்கம் இன்று அவர்களுடைய மார்க், தூக்கம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஏன் இந்த அவசரம்?

ஆகஸ்டில் சேர வேண்டியவனை ஜூனிலேயே எதற்கு இழுத்து வருகிறார்கள்? இதற்கு விடை தேடினால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அந்த நாளில் முதலாண்டு மாணவன் காலேஜின் பிரதான அணியில் பொதுவாக ஆட முடியாது. அவர்களுக்கென்று தனி அணி உண்டு. ஓராண்டு படித்து, ஊர் பழகி, உடம்பு தேறிய பிறகே பெரிய அணி. 1968-ல் மற்ற விளையாட்டுகளுக்கும், 1972-ல் புட்பால், கூடைப்பந்து இரண்டுக்கும் அந்தத் தடை நீங்கியது. செலவு மிச்சம் என்று காலேஜ்களுக்கு மகிழ்ச்சி, முதல் வருஷமே களமிறங்கலாம் என்று பையன்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் மெதுவாகப் பழகிக்கொள்ளக் கிடைத்த அந்த ஓராண்டு போயிற்று. போன ஓராண்டுக்கு ஈடாக வந்தது ஆறு வாரக் கோடை.

புட்பால், வாலிபால், பெண்கள் கால்பந்து போன்ற விளையாட்டுகளின் பருவம் ஆகஸ்டு மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. முதல் வகுப்புக்கு மணி அடிப்பதற்கு முன்பே முதல் ஆட்டம் முடிந்துவிடுவதும் உண்டு. நூலகம் எந்தப் பக்கம் என்று தெரியாத 18 வயதுப் பிள்ளை, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஆடிவிட்டு, விமானத்தில் திரும்பி, மறுநாள் காலை கணக்கு வகுப்பில் உட்கார வேண்டும். அதற்கு முன் கொஞ்சமாவது கால் ஊன்றிக்கொள்ளட்டும் என்பது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் வெறும் கணக்கு. அங்கே பட்டம் என்பது கிரெடிட்டுகளின் கூட்டுத்தொகை. சாதாரணமாக 120 கிரெடிட் வேண்டும். ஒரு செமஸ்டரில் 12 எடுத்தால்தான் முழுநேர மாணவன். விளையாட்டு மாணவன் இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் 24 கிரெடிட் தேறியிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 என்று ஏணிப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு படி தவறினால் ஆட்டத்துக்குத் தகுதியில்லை. கோடையில் மும்மூன்று கிரெடிட்டாக இரண்டு பாடம் எடுத்து ஆறு கிரெடிட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டால், ஆட்டப் பருவத்தில் ஒரு பாடம் கைநழுவினாலும் சமாளிக்கலாம். கல்யாணச் செலவுக்கு முன்கூட்டியே சீட்டுக் கட்டுவது போலத்தான்.

இதில் காலேஜுக்கும் சுயநலம் உண்டு. 2000-களின் நடுவிலிருந்து ஒவ்வோர் அணிக்கும் படிப்பு மதிப்பெண் போடுகிறார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் மாணவன் காலேஜில் நீடித்தால் ஒரு புள்ளி, படிப்பில் தகுதியோடு இருந்தால் இன்னொரு புள்ளி. 1,000-க்கு 930-க்குக் கீழே இறங்கும் அணி கடைசிக் கட்டப் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. 2011-ல் கூடைப்பந்துச் சாம்பியனான கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணியே 2013-ல் இந்த விதியால் வெளியில் நிற்க நேர்ந்தது. (அடுத்த ஆண்டே திரும்பி வந்து மறுபடி சாம்பியனானார்கள் என்பது வேறு விஷயம்.) ஆகவே புதுப் பையன் பாடத்தில் தேறுவானா மாட்டானா என்ற கவலை பயிற்சியாளருக்கு அவனுடைய தாயைவிட அதிகம்.

ஆறு வாரம்

செமஸ்டரில் பதினைந்து வாரம் நடக்கும் பாடத்தைக் கோடையில் ஐந்தாறு வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். தினசரி வகுப்பு. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால், செமஸ்டர் கணக்கில் அரை வாரப் பாடம் போயிற்று. பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரை எழுதுதல், தொடக்கக் கணிதம், சமூகவியல், உளவியல் மாதிரியான பொதுப் பாடங்களே. கட்டுரை எழுதும் வகுப்பில்தான் பலருக்கு முதல் அதிர்ச்சி. பள்ளியில் நட்சத்திர ஆட்டக்காரன் என்று ஆசிரியர்கள் தாராளமாக மார்க் போட்டிருக்கக்கூடும். இங்கே முதல் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வரும்போதுதான் நிலவரம் புரிகிறது. மாலையில் விளையாட்டு மாணவர்களுக்கென்றே தனிப் படிப்புக் கூடம் இருக்கிறது. இத்தனை மணி நேரம் அங்கே உட்கார வேண்டும் என்று கணக்கு. டியூஷன் சொல்லித்தர ஆட்கள் உண்டு. வகுப்புக்குப் போனானா என்று எட்டிப்பார்க்க ஆள் வைத்திருக்கும் காலேஜ்களும் உண்டு.

இந்த உதவிகள் எல்லை மீறிப் போனதும் உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகளாக, வகுப்பே நடக்காமல் ஒரு கட்டுரையை மட்டும் வாங்கிக்கொண்டு மார்க் போட்ட பாடங்கள் இருந்தன என்று 2014-ல் ஒரு விசாரணை அறிக்கை வெளிவந்தது. 3,100-க்கு மேற்பட்ட மாணவர்கள் அவற்றில் சேர்ந்திருந்தார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். அந்தப் பாடங்கள் எல்லா மாணவருக்கும் திறந்திருந்தன என்பதால், தங்கள் விதிகள் மீறப்பட்டதாக முடிவு செய்ய முடியவில்லை என்று என்.சி.ஏ.ஏ. 2017-ல் கைவிரித்துவிட்டது. ஏமாந்தவர்கள் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிள்ளைகள்தாம்.

பயிற்சிக்கும் விதி உண்டு. கோடைப் பாடத்தில் சேர்ந்தவர்களை வாரம் எட்டு மணி நேரம் கட்டாயமாகப் பயிற்சிக்கு அழைக்கலாம் என்று கூடைப்பந்துக்கு 2012-லும் புட்பாலுக்கு 2014-லும் அனுமதி வந்தது. ஆட்டப் பருவத்தில் வாரம் 20 மணி, நாளைக்கு நான்கு மணி, வாரம் ஒரு நாள் ஓய்வு. காகிதத்தில் பார்த்தால் சர்க்கார் ஆபீசைவிட இலகுவான வேலை. ஆனால் ஆட்ட நாள் முழுவதற்கும் மூன்று மணி என்றே கணக்கு. பஸ், விமானப் பிரயாணம் கணக்கில் வராது. சுளுக்குக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரமும் வராது. 'விருப்பப் பயிற்சி' என்று வேறு ஒன்று இருக்கிறது. வருவதும் வராததும் மாணவன் இஷ்டம். வராதவன் ஆட்டத்தின்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் என்பது விதியில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

சாப்பாட்டு விதி ஒன்று ரொம்ப காலம் எல்லோருக்கும் சிரிப்பை மூட்டியது. வழக்கமான சாப்பாடு தவிர இடைவேளையில் காலேஜ் கொடுக்கக்கூடியவை பழம், பருப்பு வகை, 'பேகல்' என்ற வளைய ரொட்டி. ரொட்டிக்கு மேல் வெண்ணெய்க்கட்டி தடவினால் அது சாப்பாடாகிவிடும், குற்றம்! 2014-ல் கனெக்டிகட் கூடைப்பந்து வீரர் ஷபாஸ் நேப்பியர், தாம் சில இரவுகளில் பசியோடு படுப்பதாகப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். சாம்பியன் அணியின் நட்சத்திரம் பட்டினியா என்று நாடே கேட்டது. அந்த மாதமே விதி மாறியது. அதன்பின் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பாடு போடலாம்.

வெயில்

கோடைப் பயிற்சியில் பயப்பட வேண்டியது வெயிலுக்குத்தான். டெக்சாஸ், ஜார்ஜியா, புளோரிடா பக்கம் ஜூலை வெக்கை தில்லிக்குக் குறைந்ததல்ல, புழுக்கமோ சென்னையை நினைவூட்டும். புட்பால்காரன் தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு அதில் ஓட வேண்டும். பள்ளி முடிந்து சில வாரம் சும்மா இருந்துவிட்டு வருபவனின் உடம்பு வெப்பத்துக்குப் பழகியிராது. புது இடம், பயிற்சியாளர் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசை, முடியவில்லை என்று சொல்ல வெட்கம். இவை சேர்ந்தால்தான் ஆபத்து. ஆகஸ்டுப் பயிற்சியின் முதல் ஐந்து நாள் வெப்பத்துக்குப் பழக்கும் நாட்கள் என்றும், முதல் இரண்டு நாள் தலைக்கவசம் மட்டுமே என்றும் 2003-ல் விதி செய்தார்கள். ஒரே நாளில் இரண்டு வேளை முழுப் பயிற்சி வைப்பது 2017-ல் நின்றது. அரிவாள் ரத்தச் சோகைக் கூறு உடம்பில் இருக்கிறதா என்ற ரத்தப் பரிசோதனையும் முதல் பிரிவில் 2010 முதல் உண்டு. அந்தக் கூறு உள்ளவர்கள் கடும் ஓட்டத்தில் சுருண்டு விழுந்து இறந்த சம்பவங்களே அதற்குக் காரணம்.

இத்தனை விதிகளுக்குப் பிறகும் 2018 மே 29-ந் தேதி மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 19 வயதுப் புட்பால் வீரர் ஜோர்டன் மக்நேர் ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத்தால் நிலைகுலைந்தார். அவர் புதிதாக வந்தவர்கூட அல்ல, ஓராண்டு அங்கே இருந்தவர். வெப்பத் தாக்குதலுக்கு உடனே செய்ய வேண்டியது குளிர்ந்த நீர்த் தொட்டியில் ஆளை இறக்குவது. அது செய்யப்படவில்லை என்று பிறகு நடந்த விசாரணை கண்டது. ஜூன் 13-ந் தேதி அவர் இறந்தார். சட்டப்படியும் தார்மிக ரீதியிலும் பல்கலைக்கழகமே பொறுப்பு என்று அதன் தலைவர் ஒப்புக்கொண்டார். 2021-ல் அந்த மாகாணம் அவர் பெயராலேயே விளையாட்டு மாணவர் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. பிள்ளையைக் கோடைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் காலேஜைச் சுற்றிப் பார்க்கும்போது, குளிர்நீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று கேட்பதில் தவறே இல்லை.

உதவித்தொகையைப் பற்றியும் ஒரு விஷயம். நான்கு வருஷம் என்று வாயால் சொல்வது வேறு, எழுத்தில் இருப்பது வேறு. 1973 முதல் அது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஏற்பாடாகவே இருந்தது. 2012-ல்தான் பல்லாண்டு ஒப்பந்தத்துக்கு மீண்டும் வழி பிறந்தது. வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்த பயிற்சியாளர், பையன் வந்து சேர்வதற்குள் வேறு காலேஜுக்கு அதிகச் சம்பளத்தில் போய்விடுவதும் சகஜம். மாறாக, சமீப காலத்தில் பணமும் புகுந்துவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூன் 6-ந் தேதி நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, காலேஜே வீரர்களுக்கு நேராகப் பங்கு கொடுக்கலாம். 2025-26-க்கு ஒரு காலேஜுக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர்! அதில் பெரும்பகுதி புட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. நீச்சல்காரனும் ஓட்டக்காரியும் பழையபடி உபகாரச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

தில்லியிலிருந்து கான்சாஸ்

இந்த வழியில் போய்ப் பெயர் வாங்கியவர்களில் தில்லித் தமிழர் ஒருவர் இருக்கிறார். சர்தார் படேல் வித்யாலயாவில் கிரிக்கெட் பந்து வீசிக்கொண்டிருந்து, உயரம் தாண்டுதலுக்கு மாறிய தேஜஸ்வின் சங்கர். 2016 நவம்பரில் கோவையில் நடந்த ஜூனியர் தேசியப் போட்டியில் 2.26 மீட்டர் தாண்டித் தேசிய சாதனையை முறியடித்தபோது அவருக்கு வயது 17. மறு ஆண்டு கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை கிடைத்தது. அந்த ஊரின் பெயரும் மான்ஹாட்டன்தான், ஆனால் நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களைத் தேடினால் கிடைக்காது. கோதுமைச் சீமை. அங்கே 2018 ஏப்ரலில் 2.29 மீட்டர் வரை உயர்ந்தார். 2018-லும் 2022-லும் என்.சி.ஏ.ஏ. சாம்பியன் ஆனார். படித்ததோ கணக்கியல்.

இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்யும் சங்கடம் அவருக்கும் வந்தது. 2022 ஜூனில் என்.சி.ஏ.ஏ. போட்டியும், சென்னையில் மாநிலங்களுக்கிடையிலான போட்டியும் ஒரே சமயத்தில் மோதின. காலேஜ் சம்பளத்தில் படிப்பவர் காலேஜுக்கு ஆடினார். சென்னைக்கு வரவில்லை என்பதால் காமன்வெல்த் விளையாட்டுக் குழுவில் அவர் பெயர் விடுபட்டது. தில்லி ஹைகோர்ட் வரை வழக்குப் போன பிறகே, கடைசி நேரத்தில் பர்மிங்ஹாமுக்கு விமானம் ஏறினார். அங்கே 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார். காமன்வெல்த் விளையாட்டில் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

சென்னையில் டென்னிஸ் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மனும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2007, 2008 இரண்டு ஆண்டும் காலேஜ் ஒற்றையர் பட்டம் வென்றவர்தான்.

இங்கிருந்து பிள்ளையை அனுப்ப நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஒன்பதாம் வகுப்பு மார்க்கை. பிளஸ் டூ மார்க் மட்டும் பார்ப்பார்கள் என்பது நம்மவர்களின் தப்பெண்ணம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருஷ மார்க் பட்டியலையும் அங்கே கேட்கிறார்கள். நாலு டூர்னமெண்டுக்காக ஒன்பதாவதில் பள்ளிக்கு மட்டம் போட்டது பிறகு வந்து காலை வாரும். பரிசுப் பணம், கிளப் ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அதையும் துருவுவார்கள். அடுத்தது விசா. எப்-1 மாணவர் விசாவில், ஐ-20 படிவத்தில் குறித்த படிப்புத் தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்னதாகத்தான் அமெரிக்காவில் இறங்க முடியும். கோடையிலேயே வா என்று பயிற்சியாளர் சொன்னால், கோடைப் பருவத்தின் தேதியைப் போட்டே ஐ-20 அனுப்பச் சொல்ல வேண்டும். சி.பி.எஸ்.இ. முடிவு மே மாதம் வரும், விசா நேர்முகத்துக்குத் தேதி கிடைக்க வேண்டும், ஜூன் கடைசியில் வகுப்பு. எல்லாம் ஒரே மூச்சில் ஓட வேண்டிய ஓட்டம். உதவித்தொகையில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று கேட்கும் தரகர்களிடம் போக வேண்டாம். பயிற்சியாளர்களுக்கு மாணவனே நேரில் எழுதலாம். தாண்டிய உயரத்தையும் ஓடிய நேரத்தையும் ஒரு வரியில் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்கள் விசாரித்துக்கொள்வார்கள்.

ஆகஸ்டு கடைசியில் வளாகம் திடீரென்று நிரம்பிவிடுகிறது. கார் கார்களாகப் பெற்றோர்கள், தலையணைகள், மேஜை விளக்குகள். கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கும் புதுமுகங்களில் யாராவது ஒருவர், ஈரத் தலையோடு போய்க்கொண்டிருக்கும் உயரமான பையனை நிறுத்தி நூலகத்துக்கு வழி கேட்பார். அவனும் அந்த வருஷம் சேர்ந்தவன்தான். எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு, பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுவான்.